இருபத்துநாலு இறாத்தல்

பெப்ரவரி 9

இந்தக் கொப்பி வில்லுக்கு. வேறு எதையும் இதில் எழுதப் போவதில்லை. எங்கே எவ்வளவு சீவினோம் என்று அன்றன்றைக்குக் குறித்து வைக்காவிட்டால், பிழை விட்ட இடம் பிறகு தெரியாமல் போய்விடும் என்று என் மனைவி நவமணி சொல்கிறாள். காலம் முழுக்கக் கதவும் யன்னலும் செய்த தச்சனுக்கு நர்ஸ் ஒருத்தி தொழில் சொல்லித் தருகிறாள். சரி, அவளுடைய வில். அவள் சொல்கிறபடியே ஆகட்டும்.

இன்று மரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். ஐந்து வருடத்துக்கு முன் அடித்த புயலில், தேவாலய வளவில் நின்ற யூ மரத்தின் பெரிய கிளை முறிந்து கல்லறைகளின் மேல் விழுந்தது. ஊர்ச்சனம் உடைந்த கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனைவி நேரே பாதிரியாரிடம் போய் அந்தக் கிளையைத் தனக்குத் தரும்படி கேட்டாள். வெள்ளைக்காரருடைய பழைய நீள வில்லுக்கு இதைவிட நல்ல மரம் இல்லையாம். ஐம்பது வயதில் இந்த வெள்ளைக்கார ஊரின் வில் கிளப்பில் சேர்ந்தவள் அவள். கிளப்பில் இவள் ஒருத்திதான் சேலையும் கட்டத் தெரிந்தவள் என்று நான் பகிடி பண்ணுவேன்.

ஆப்பு அடித்துக் கிளையை நீளவாக்கில் பிளந்து, இரண்டு துண்டின் நுனிகளுக்கும் பெயின்ற் பூசி, காயவைத்தது நான். "நான் பென்சன் எடுக்கிற வருசம் இதில எனக்கொரு வில் செய்து தாங்கோ" என்று அப்போதே சொல்லி வைத்திருந்தாள். பென்சன் எடுத்தாயிற்று.

இரண்டு துண்டு இருக்கிறது. ஒன்று பிழையாய்ப் போனாலும் மற்றது கைவசம்.

பெப்ரவரி 13

ஆசுபத்திரிக்குப் போனதால் இன்று வேலை இல்லை.

டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அதை இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். நரம்பில் தொடங்கித் தசைகளை ஒவ்வொன்றாக விட்டுப்போகச் செய்யுமாம். நவமணிக்கு வலக்கை விரல்களில் தொடங்கியிருக்கிறது. மருந்து இல்லை. சொல்லும்போது அந்த டாக்டர்ப் பொடியனுக்கே குரல் இறங்கிவிட்டது. நவமணிதான் "பரவாயில்லை டாக்டர், தெளிவாச் சொன்னதுக்கு நன்றி" என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

காரில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒக்டோபர் கடைசி ஞாயிறோட கிளப் மைதானத்தை மூடிப்போடுவாங்கள். அதுக்குள்ள வில் முடியுமோ?"

"முடியும்."

"ஒரு அம்பு விட்டாக் காணும் எனக்கு. என்ர சொந்த வில்லில ஒரு அம்பு."

கைக்கு முடியுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மார்ச் 2

பெரிய பிழை ஒன்று செய்துவிட்டேன்.

மரத்தின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருப்பது வெளிறு, உள்ளே சிவந்து இருப்பது வைரம். எங்கள் தொழிலில் பலகை கைக்கு வந்ததும் முதல் வேலை வெளிறைச் சீவி எறிவது. வெளிறைப் பூச்சி தின்னும், வைரம்தான் நிற்கும். இன்று முதல் துண்டைப் பிடிகட்டையில் இறுக்கியதும் என் கை தன்பாட்டில் அந்த வேலையைச் செய்துவிட்டது. அழகான சிவந்த மரம் வெளியே வந்தது. எனக்குப் பெருமை வேறு.

நவமணி தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கராஜுக்குள் வந்தாள். நிலத்தில் கிடந்த வெள்ளைச் சீவல்களைப் பார்த்தாள்.

"வெளிறு எங்க?"

"உந்தா, அடுப்புக்கு."

"என்னப்பா, அதெல்லோ வில்லின்ர முதுகு. வளைக்கேக்க இழுபடுற பக்கம் அது. வைரம் வயித்துப் பக்கம் நசிபட்டுக் கிடக்கும். ரெண்டும் சேந்தாத்தான் வில் முறியாமத் திரும்பி நிமிரும்."

"நீர் முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். தச்சனுக்கோ மரத்தைப் பற்றிச் சொல்லுறீர் எண்டு சிரிச்சனீங்கள்."

உண்மைதான். சிரித்தேன்.

மார்ச் 3

வெறும் வைரத்தை வளைத்துப் பார்த்தேன். பாதி வளைவிலேயே முறிந்தது. இனி ஒரே ஒரு துண்டுதான்.

மார்ச் 22

இரண்டாவது துண்டில் பட்டையை மட்டும் உரித்தேன். முதுகில் மரத்தின் ஆண்டு வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து நுனிவரை அதே வளையத்தில் போகவேண்டும். கத்தி ஓரிடத்தில் தவறி அடுத்த வளையத்துக்குள் இறங்கினாலும் முறிவு அங்கேதான் தொடங்கும். மரம் நெளிந்தால் நானும் நெளியவேண்டும். நேராகச் சீவியே பழகிய கைக்கு இது பெரிய கரைச்சல்.

யூ மரத்தின் தூள் நஞ்சு. முகமூடி போடாமல் கராஜுக்குள் கால் வைக்கக்கூடாது என்று நவமணியின் கட்டளை. போட்டிருக்கிறேனா என்று பார்க்க மணிக்கு ஒருதரம் வருகிறாள். அதற்குத்தான் வருகிறாள் என்று இல்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. கோயில் தொலைவு என்பதால் வீட்டிலேயே பொங்கினோம். நெய்ப் போத்தல் மூடி அவளுக்குத் திறபடவில்லை. இப்போதெல்லாம் மூடிகளை ஒழுங்காகச் செய்கிறார்கள் இல்லை. அலுமாரியில் இருந்த எல்லாப் போத்தல்களையும் ஒருமுறை திறந்து, இறுக்காமல் மூடி வைத்தேன்.

பின்னேரம் அவளுக்கு அளவு எடுத்தேன். வில் என்பது சட்டை மாதிரி, ஒருவருக்கென்றே தைப்பது. கை நீளத்துக்கு ஏற்ற இழுவை, பலத்துக்கு ஏற்ற பாரம். நாணை முழுதாக இழுக்கத் தேவையான பலம்தான் பாரம்; அதை இறாத்தலில், பவுண்டில், சொல்வார்கள். கிளப்பில் அவள் எடுத்து எய்கிற வில் நாற்பது இறாத்தல். கொழும்புக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் தராசைச் சுவரில் கொளுவி, கயிறு கட்டி, நாண் இழுப்பதுபோல மூன்று விரலால் இழுக்கச் சொன்னேன். தராசின் முகம் என் பக்கம்.

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

தராசு காட்டியது முப்பத்தாறு. தராசு பழசு, எப்படியும் இரண்டு குறைத்துத்தான் காட்டும்.

மே 11

இன்று வில் முதன்முதலாக வளைந்தது. சுவரில் அறைந்த மரத்தாங்கியில் வில்லின் நடுவை வைத்து, நாணைக் கப்பியால் மெல்லக் கீழே இழுத்தேன். நவமணி எதிரே கதிரையில் இருந்து பிடிக்கு மேலும் கீழுமாக வில்லுக்கு உள்ள இரண்டு கைகளும் ஒத்து வளைகின்றனவா என்று பார்த்தாள். மேல்கை கொஞ்சம் விறைப்பு. சுரண்டினேன். மறுபடி இழுத்தேன். மறுபடி சுரண்டினேன்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கதவு பெரிதாக இருந்தால் சீவலாம், சிறிதாகிவிட்டால் ஒரு சட்டம் வைத்து ஒட்டலாம். வில்லில் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. பாரம் இறங்கும், ஏறாது.

"முடிஞ்ச பிறகு பிடிக்கு மேல பாரத்தையும் இழுவையையும் ஆருடைய வில் எண்டதையும் மையால எழுதோணும். செய்தவர்தான் எழுதிறது. அதுதான் முறை" என்றாள்.

"என்ர கையெழுத்து உமக்குத் தெரியுந்தானே."

"பிழையில்லாமல் எழுதினாக் காணும்."

ஜூன் 8

வில் முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கு மறுபடி அளவு எடுத்தேன். தராசு முப்பத்தொன்று காட்டியது. முப்பத்தாறு என்றேன்.

வில்லின் கீழ்க்கையில் ஒரு கணு இருக்கிறது. அதனால் இன்னும் கொஞ்சம் சுரண்டவேண்டியிருந்தது. இப்போது வில்லும் முப்பத்தொன்று.

ஜூன் 29

சட்டைக்குப் பொத்தான் வேண்டாம், தலையால் போடுகிற உடுப்பாக வாங்குங்கோ என்றாள். வாங்கினேன்.

ஜூலை 19

மகள் துளசிகா லண்டனிலிருந்து ரயிலில் வந்தாள். அவள் சொன்னது வில்லுக்குச் சம்பந்தமில்லாதது. என்றாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் இன்று நித்திரை வராது.

கராஜ் வாசலில் நின்று கேட்டாள். "அப்பா, அம்மா உள்ளுக்குத் தனிய இருக்கிறா. நீங்கள் இதுக்குள்ள நிண்டு கொண்டு என்ன செய்யிறியள்?"

"அம்மாவுக்குத்தான் வில் செய்யிறன்."

"அம்மாவால கரண்டி பிடிக்கேலாமக் கிடக்குது. அவவுக்கு வில்லோ வேணும்? நீங்கள் அவவைப் பாக்கப் பயந்து இதுக்குள்ள ஒளிச்சு நிக்கிறியள்."

உளியை எடுத்து எறியவேண்டும்போல இருந்தது. எறியவில்லை. என் பிள்ளை தன் தாயைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். அது பொய்யும் இல்லை.

ஜூலை 20

நேற்று நடந்தது நவமணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. காலையில் சொன்னாள். "வில்லைக் குசினிக்குள்ள கொண்டு வாங்கோ. இனி அரம் போடுற வேலை இல்லைத்தானே. தகட்டால சுரண்டினாத் தூள் பறக்காது, சுருள்தான் விழும். நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

பிடிகட்டையைச் சாப்பாட்டு மேசையில் பூட்டினேன். புதிய மேசை. பூட்டின தழும்பு இனிப் போகாது.

இரவுச் சாப்பாட்டுக்குத் துளசிகாவும் அதே மேசையில் வந்து இருந்து, சுருள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடதாசிப் பையில் போட்டாள். பிறகு சோற்றைக் குழைத்துத் தாய்க்கு ஊட்டினாள், அரைவாசியில் என்னைப் பார்த்துச் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். மிச்சத்தை நான் ஊட்டினேன்.

ஓகஸ்ட் 3

அளவு எடுத்தேன். சுரண்டினேன்.

ஓகஸ்ட் 24

சுரண்டினேன். கணுவுக்காக.

செப்டெம்பர் 14

இன்றைக்கு அகப்பட்டுக்கொண்டேன்.

இப்போது அவள் கதிரையில் இருந்தபடிதான் இழுக்கிறாள். விரல்கள் கயிற்றில் நிற்கவில்லை, தோல்பட்டி ஒன்று செய்து கொளுவிவிட்டேன். இழுத்தாள். "எவ்வளவு?" என்றாள்.

"முப்பத்திரண்டு. போன முறையைவிடப் பரவாயில்லை."

கயிற்றை விட்டாள். சிரித்தாள். பேச்சும் இப்போது கொஞ்சம் இழுபடுகிறது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள்.

"முப்பது வருசம் வார்டில நிண்டனான். சாகக் கிடக்கிற ஆக்களின்ர சொந்தக்காரருக்கு, நேற்றையைவிடப் பரவாயில்லை எண்டு இந்தக் குரலிலதான் நானும் சொன்னனான். தராசு என்ன காட்டினது?"

"இருபத்துநாலு."

"வில்?"

"அதுவும் இருபத்துநாலு."

"என்ர கை இறங்க இறங்க வில்லையும் இறக்கிக்கொண்டு வந்தனீங்கள்."

"கணு ஒண்டு…"

"கணு கீழ்க்கையில. சுரண்டினது ரெண்டு கையிலும். நான் முன்னால இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

நான் தகட்டைத் துடைத்தேன். துடைத்த தகட்டை மறுபடி துடைத்தேன்.

"ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அது வேணுமாயிருந்தது" என்றாள்.

ஒக்டோபர் 12

வில் செய்து முடிந்தது. எண்ணெய் பூசி, நுனிகளுக்கு மாட்டுக்கொம்புக் குமிழ் பூட்டி, பிடிக்குத் தோல் சுற்றினேன். வெளிறு வெண்ணெய் நிறம், வைரம் செங்கல் நிறம், இரண்டும் சேரும் கோடு நுனிவரை நெளிந்து ஓடுகிறது. என் கையால் இதைவிட நல்ல பொருள் ஒன்று செய்ததில்லை.

அளவு எடுத்தேன். தராசு பத்துக்கும் வரவில்லை.

இன்னும் இரண்டு கிழமை. நான் வில்லை மறுபடி மேசையில் பூட்டித் தகட்டை எடுத்தேன். பத்துக்கு இறக்கலாம். எட்டுக்கும் இறக்கலாம். அவள் தனியாக, தன் கையால் இழுத்து ஒரு அம்பு விடவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு மாதமும்.

"வையுங்கோ அதை."

"கொஞ்சம்தான்."

"இனிச் சுரண்டினா அது வில்லில்லை. விளையாட்டுச் சாமான். அம்பு காலடியில விழும்."

"நீர் இழுக்கிறதுக்குத்தானே செய்தது. உம்மால இழுக்கேலாட்டி எனக்கு உந்த வில் என்னத்துக்கு?"

கத்திவிட்டேன். நோயில் கிடக்கிறவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் கோபிக்கவில்லை.

"மரத்தைக் குறைச்சுக் குறைச்சு எனக்குச் சரியாக்கலாம் எண்டு நினைக்கிறியள். நான் இன்னும் குறைவன். பிறகு என்ன செய்வியள்?" மூச்சு வாங்கக் கொஞ்சம் பொறுத்தாள். "வில் இருபத்துநாலிலேயே இருக்கட்டும். என்னால ஏலுமானதை நான் இழுக்கிறன். மிச்சத்தை நீங்கள் இழுங்கோ."

நான் அழுதேன். கராஜுக்குப் போகாமல், அவளுக்கு முன்னாலேயே, அந்த மேசையில் இருந்து அழுதேன். அவள் கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் தலையைக் குனிந்து அந்தக் கைக்குக் கீழே கொண்டு போனேன்.

ஒக்டோபர் 26

காலையில் மழை. மத்தியானம் விட்டுவிட்டது. சக்கர நாற்காலி ஈரப் புல்லில் புதையும் என்று கிளப் செயலாளர் டெரெக் கதவுப் பலகைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தார். அவற்றில் ஒன்று எப்போதோ நான் செய்த கதவு. பிணைச்சல் வெட்டின இடத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இன்னும் உக்கவில்லை.

அவளை எழுப்பி நிறுத்தினோம். துளசிகா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று, அவளுடைய இடக்கைக்குக் கீழே என் இடக்கையைக் கொடுத்து வில்லைப் பிடித்தேன். தோல்பட்டியால் அவள் விரல்களை நாணில் கொளுவி, அவற்றின் மேல் என் விரல்களை வைத்தேன். அவள் தலை என் நாடிக்குக் கீழே இருந்தது. காலையில் நான் எண்ணெய் பூசி வாரிவிட்ட தலை.

நான் ஒருநாளும் வில் இழுத்ததில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இந்த வில் அவள் கை நீளத்துக்குச் செய்தது. என் கை அதைவிட நீளம். நான் என் பாட்டுக்கு இழுத்தால் வில் தன் அளவைத் தாண்டி முறிந்துவிடும். ஆகவே பலம் என்னுடையதாக இருந்தாலும் எங்கே நிறுத்துவது என்பது அவளுடைய கையில்தான்.

"இழுக்கட்டோ?"

"இழுங்கோ."

இழுத்தோம். என் விரல்களுக்குக் கீழே அவள் விரல்கள் வேலை செய்ததை நான் உணர்ந்தேன். நான் நினைத்துக்கொண்டதாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவேண்டாம், நான் உணர்ந்தேன். வில் சத்தமில்லாமல் வளைந்தது. நாண் அவளுடைய தாடையைத் தொட்டது. என் கை இன்னும் போகப் பார்த்தது.

"போதும்" என்றாள்.

நிறுத்தினேன்.

"இப்ப விடுங்கோ."

விட்டேன். அம்பு நான் எதிர்பார்த்ததைவிட உயரப் போய், இலக்குக்கு இடப்பக்கம் புல்லில் குத்திக்கொண்டு நின்றது. யாரும் கைதட்டவில்லை. டெரெக் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். துளசிகா ஓடிப்போய் அம்பை எடுத்துவர வெளிக்கிட்டாள்.

"விடு பிள்ளை, அது அங்கயே நிக்கட்டும்" என்றாள் நவமணி. பிறகு என்னிடம், "இடப்பக்கம் போட்டுது. உங்கட இடக்கை ஆடுது" என்றாள்.

"முதல் அம்புதானே."

"ஓம். முதல் அம்புக்குப் பரவாயில்லை."

இந்த முறை அந்த வார்டுக் குரல் இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாணைக் கழற்றச் சொன்னாள். வில்லை நாணோடு விட்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடுமாம். பாரத்தை எழுதுவதற்குப் பேனையை எடுத்தேன். இன்றைக்கு வேண்டாம், களைப்பாக இருக்கிறது, நாளைக்கு நான் பார்க்க எழுதுங்கோ என்றாள்.

ஒக்டோபர் 27

காய்ச்சல். நெஞ்சில் சளி. அம்புலன்ஸ்.

டிசெம்பர் 7

நேற்று நவமணியின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்தது. துளசிகா சாமான்களைக் கழுவி அடுக்கிவிட்டுக் காலையில் லண்டனுக்குப் போனாள். நெய்ப் போத்தல் மூடியை இறுக்கி மூடிவிட்டுப் போயிருக்கிறாள்.

டெரெக் வந்திருந்தார். தேநீர் குடித்தார். அந்த அம்பு இன்னும் மைதானத்தில் நிற்கிறதாம், புல் வெட்டுகிறவர் அதைச் சுற்றி வெட்டியிருக்கிறாராம். பிறகு, வில்லைக் கிளப்புக்குத் தர விருப்பமா, புதிதாகப் பழகுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பாரம் சரியாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. இது அவளுடைய வில்.

அவர் போனபிறகு வில்லில் நாணைப் பூட்டித் தாங்கியில் வைத்தேன். பெட்டி நிறுக்கும் தராசைக் கொளுவி, அவளுடைய இழுவைக்குப் போட்டிருந்த கோடுவரை இழுத்தேன். தராசின் முகத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். இருபத்துநாலு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிடிக்கு மேலே மையால் எழுதினேன். நவமணியின் வில். இழுவை இருபத்தாறு அங்குலம். பாரம் இருபத்துநாலு இறாத்தல்.

அன்றைக்கு அந்த இருபத்துநாலில் அவள் எத்தனை இழுத்தாள், நான் எத்தனை இழுத்தேன் என்று எந்தத் தராசும் இனிச் சொல்லாது. மை காயும்வரை மேசையில் இருந்தேன். பிறகு நாணைக் கழற்றி வைத்தேன்.